கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புக் காலுறை எப்படித் தெரியும்?

கேள்வி: நான் ஓவியர். அமெரிக்காவின் தொடக்ககாலத் தொழில்முறை பேஸ்பால் அணிகளைச் சிறுவர் நூல் ஒன்றுக்காக வண்ணத்தில் வரைகிறேன். கிடைக்கும் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. சீருடையின் சரியான நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: படத்தைப் பார்த்து நிறத்தை மட்டும் ஊகிக்காதீர்கள். சட்டையின் வெட்டு, காலர், முன்பக்கம் பொத்தானா கயிறா, மார்பில் என்ன எழுத்து என்பதற்கெல்லாம் புகைப்படம்தான் நல்ல சாட்சி. நிறம் என்று வந்தால் அது பொய்ச்சாட்சி சொல்லும்.

1860-களில் படம் எடுத்தது ஈரக் கொலோடியன் தகட்டில், அதாவது ரசாயனம் பூசி ஈரம் காயும் முன்பே பயன்படுத்தும் கண்ணாடித் தகட்டில். அதில் நீல ஒளி நன்றாகப் பதியும், சிவப்பு பதியவே பதியாது. அதனால் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாக விழும், மஞ்சளும் இருண்டுவிடும், வெளிர்நீலம் வெளுத்து வெள்ளையாகிவிடும். எல்லா வீரர்களுக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து ஆடிய முதல் அணி, 1869-ஆம் ஆண்டின் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ். அந்த அணியின் படத்தைப் பாருங்கள். பெயரிலேயே சிவப்புக் காலுறை இருக்கிறது, படத்திலோ முழங்காலுக்குக் கீழே ஒரே இருட்டு. அணியின் பெயரை அறியாத ஓவியர் கறுப்பு மையைத்தான் எடுத்திருப்பார். 1880-களில் உலர் தகடு பரவிய பிறகும் சிவப்பு விஷயத்தில் நிலைமை பெரிதாக மாறவில்லை.

சரி, நிறத்தை எங்கே தேடுவது? அன்றைய செய்தித்தாளில். ஆட்டப் பருவம் தொடங்கும் முன், மார்ச், ஏப்ரல் இதழ்களில் புதுச் சீருடை பற்றிய சிறு குறிப்புகள் வரும்: ஃபிளானல் துணி என்ன நிறம், ஓரப்பட்டை என்ன நிறம், காலுறை என்ன நிறம் என்று. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. தேடும்போது ஒன்றை மறக்காதீர்கள். அக்காலத்தில் ஆட்டத்தின் பெயரை ‘பேஸ் பால்’ என்று இரண்டு சொல்லாகத்தான் பெரும்பாலும் அச்சிட்டார்கள். ஒரே சொல்லாகத் தேடினால் பாதிக்கு மேல் நழுவிவிடும்.

சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த வீரர் அட்டைகளும் அதே நூலகத்தில் ஏராளம், 1887 முதல் 1914 வரை சுமார் 2,100. அவற்றில் ஓல்ட் ஜட்ஜ் என்ற சிகரெட்டோடு வந்த அட்டைகள் ஸ்டுடியோவில் எடுத்த புகைப்படங்கள். பந்து நூலில் தொங்குவதுகூடத் தெரியும். துணி மடிப்பைப் பார்த்து வரைய அருமையானவை. வண்ணத்தில் அச்சான அட்டைகளில் நிறம் பூசியவர் அச்சகத்து ஓவியர் என்பதால், செய்தித்தாளோடு ஒத்துப்போனால் மட்டும் அவற்றை நம்புங்கள்.

அணிப் பெயர்தான் அடுத்த குழி. 1876-இல் நேஷனல் லீக் என்ற தொழில்முறைப் போட்டித்தொடரில் ஆடிய சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸ் இன்றைய சிகாகோ கப்ஸ் அணியின் முன்னோர், அதே ஊரின் இன்னொரு அணியான ஒயிட் சாக்ஸின் முன்னோர் அல்ல. 1869-இன் சின்சினாட்டி அணி அடுத்த ஆண்டோடு கலைந்தது. அதை நடத்திய ஹாரி ரைட், 1871-இல் பாஸ்டனுக்குப் போனபோது ‘ரெட் ஸ்டாக்கிங்ஸ்’ என்ற பெயரும் கூடவே போனது. ஆகவே அணி, ஊர், ஆண்டு மூன்றையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு 1882 போதும். அந்தப் பருவத்தில் நேஷனல் லீக், சட்டை நிறத்தை அணிக்கு அல்ல, ஆடும் இடத்துக்கு ஒதுக்கியது: பந்தை எறியும் பிட்சருக்கு வெளிர்நீலம், அதைப் பிடிக்கும் கேட்சருக்குச் செஞ்சிவப்பு, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு மெரூன். இரு அணிப் பிட்சர்களுக்கும் ஒரே நிறச் சட்டை! அணியைக் காலுறையை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்: பாஸ்டனுக்குச் சிவப்பு, சிகாகோவுக்கு வெள்ளை, டிராய்க்குப் பச்சை, வூஸ்டருக்குப் பழுப்பு. யாருக்கும் பிடிக்காமல் பருவத்தின் நடுவிலேயே கைவிட்டார்கள். சிறுவர் நூலுக்கு இதைவிட நல்ல பக்கம் கிடைக்காது, என்னைக் கேட்டால் இதையே வரையுங்கள்.

துணியைப் பற்றி ஒரு சொல். ஃபிளானல் என்றால் அங்கே கம்பளி. இன்றைய பாலியெஸ்டர்போல் பளீரென்று வெள்ளையடிக்காமல், கொஞ்சம் பால் நிறம் கலந்து, முழங்காலில் தொளதொளவென்று மடிந்து நிற்கும்படி வரையுங்கள்.