குளத்தைச் சுத்தம் செய்தால் கானாங்கோழி ஏன் காணாமல் போகிறது?

கானாங்கோழி, மஞ்சள் குருகு, செங்குருகு போன்றவற்றை மறைவில் வாழும் சதுப்புப் பறவைகள் என்பார்கள். கொக்கு மாதிரி வெட்டவெளியில் நிற்காமல், கோரைக்கும் சம்பைக்கும் உள்ளேயே பெரும்பாலும் இரைதேடி, அங்கேயே கூடுகட்டும் ரகம்.

குருகை ஒருமுறை பக்கத்தில் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். ஆள் அரவம் கேட்டதும் பறக்காது. கழுத்தை நீட்டி, அலகை வானத்துக்குத் தூக்கி அப்படியே உறைந்து நிற்கும். கழுத்தில் இருக்கும் கோடுகள் கோரைத்தண்டோடு கலந்துவிடும். காற்றில் கோரை ஆடினால் அதுவும் லேசாக ஆடும்! ஆனால் இந்த வித்தையெல்லாம் கோரை இருக்கும் வரைதான்.

வீட்டில் கோழியை அடைவைக்க இருட்டு மூலையில் கூடை வைப்போம். முற்றத்து நடுவில் வைத்தால் உட்காருமா? கரையோரப் புதரை ஒட்ட வழித்துவிட்டால் குளத்துப் பறவைக்கும் அதே கதிதான்.

நம் குமரி மாவட்டத்தில் சுசீந்திரம் தேரூர் குளங்களும், சுமார் 20 ஹெக்டேர் உள்ள வேம்பனூர் குளமும் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் பெயர் இருப்பது நல்லதுதான். ஆனாலும் பறவைக்குத் தேவை கரையோரம் கொஞ்சம் கோரை, கணுக்கால் ஆழத் தண்ணீர், கூடுகட்டும் மாதங்களில் ஜேசிபி வராத நிம்மதி. தூர்வாரியே ஆகவேண்டும் என்றால் ஒரு பக்கத்தை விட்டுவைத்து, அடுத்த வருஷம் மறுபக்கம் செய்யலாம்.

'அப்படியானால் எதிலும் கை வைக்கக்கூடாதா?' என்று பலர் கேட்கிறார்கள். அப்படியில்லை. குளத்தை மூடிப் பரவும் ஆகாயத்தாமரையைத் தாராளமாக அள்ளலாம், அது வெளியிலிருந்து வந்த களை, கோரை அப்படியல்ல.