தாத்தா பாட்டியோடு உட்கார்ந்தால் பேச ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கிறதே, எப்படி நெருங்குவது?

நீங்கள் வெளியூரில் வேலை பார்ப்பவர், மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனதும் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, முட்டி வலி எப்படி இருக்கு" என்று கேட்டிருப்பீர்கள். அவரும் பதில் சொல்லியிருப்பார். அதோடு பேச்சு தீர்ந்திருக்கும். எங்கள் வீட்டில் பத்து வருஷத்துக்கும் மேல் இப்படித்தான் ஓடியது.

என் தாத்தாவுக்கு 88 வயது. 1958இல் தந்தி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து 1994இல் ஓய்வு பெற்றவர். அதற்கு மேல் அவர் வேலையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, கேட்கவும் தோன்றியதில்லை. 2013 ஜூலை 14, நாட்டில் தந்தி சேவையின் கடைசி நாள். நான் அப்போது சென்னையில் இருந்தேன். நண்பர்களோடு போய் வரிசையில் நின்று எனக்கு நானே ஒரு தந்தி கொடுத்துக்கொண்டேன், படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட. 36 வருஷம் தந்தி அடித்த மனிதர் மணப்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்த வரிசையில் எனக்கு உறைக்கவே இல்லை. அந்தத் தந்தியை அவர் பெயருக்குக் கொடுத்திருக்கலாம். இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

போன வருஷம் ஐப்பசி மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. சும்மா உட்கார முடியாமல்தான் கேட்டேன்: "தாத்தா, தந்தி எப்படித்தான் போகும்?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "எதுக்குக் கேக்குற?"

"தெரியல தாத்தா, அதான்."

மாத்திரை போட்டு வைக்கும் தகர டப்பாவை எடுத்து வரச் சொன்னார். அதன் மூடி நடுவில் லேசாக நெளிந்தது. அமுக்கினால் 'டக்', விட்டால் 'டிக்'. "சவுண்டர்னு, தந்தி வாங்குற கருவி, அதுல இப்படி ரெண்டு சத்தந்தான் வரும். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு காது பிடிக்கணும். கொஞ்சமா இருந்தா புள்ளி, நீண்டா கோடு. அதை வெச்சுத்தான் ஒவ்வொரு எழுத்தும்." முன்கையை நாற்காலிக் கையில் கிடத்தி, மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தட்டிக் காட்டினார். டம்ளரைப் பிடித்தால் நடுங்கும் அதே கை. மூடியின் மேல் அது நடுங்கவில்லை.

அன்று ராத்திரி வெகுநேரம் பேசினார். கல்யாண வாழ்த்துக்கு முழு வாக்கியமும் அனுப்ப மாட்டார்களாம், 8 என்ற எண் மட்டும் போகும். அந்தப் பக்கம் இருப்பவர் 'நீடூழி மகிழ்ச்சியாக வாழ்க' என்ற பொருளில் உள்ள ஆங்கில வாழ்த்தை எழுதிக் கொடுப்பார். முகூர்த்த நாளில் எட்டு எட்டாக அடித்துக் கை ஓய்ந்துவிடும் என்றார்.

அப்புறம் 1964. அவர் அப்போது ராமநாதபுரத்தில் வேலையில் இருந்தார். டிசம்பர் 22 ராத்திரி புயல். "தனுஷ்கோடி லைன் செத்துப்போச்சு. கூப்பிட்டுக்கிட்டே இருக்கோம், பதில் இல்ல. விடிஞ்சும் பதில் இல்ல." பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை அலை அடித்துக்கொண்டு போனதும், அதிலிருந்த நூறு பேருக்கு மேல் செத்ததும் வெளியே தெரிவதற்கு முன்னால், அந்தப் பக்கத்து மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர். வாசற்படியில் நின்றிருந்த அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு 60 வயது. அவருக்கும் இது புதுச் செய்தி. "ஏன்ப்பா சொல்லவே இல்ல?" என்றார். "யாரு கேட்டீங்க?" என்றார் தாத்தா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு "எல்லாத் தாத்தாவுக்கும் இப்படிக் கதை இருக்குமா" என்று சிலர் கேட்பார்கள். கதை கேட்கப் போகாதீர்கள். அவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளப் போங்கள். நாற்று முடி கட்டுவதாக இருக்கலாம், வடு மாங்காய்க்கு உப்பு அளப்பதாக இருக்கலாம். நலம் விசாரிக்கும்போது அவர் நோயாளி. கற்றுக்கொடுக்கும்போது அவர் வாத்தியார். முதுகு நிமிர்வதை நீங்களே பார்ப்பீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்களையோ, வேறு வழியில்லாமல் பெற்றோரை இல்லத்தில் சேர்த்தவர்களையோ நான் குறை சொல்லவில்லை. அவரவர் வீட்டுக் கஷ்டம் அவரவருக்குத்தான் தெரியும். கடுகடுவென்றே இருக்கும் பெரியவர்களும் உண்டு, அதையும் மறுக்கவில்லை.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் நவம்பரில் மத்திய அரசு பென்ஷன்காரர்கள் உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். அவர்களில் 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். தாத்தாவை ஒரு வங்கிக்குக் கூட்டிப்போனேன். ரேகை தேய்ந்துபோன கட்டைவிரலை இயந்திரம் நான்கு முறை ஏற்கவில்லை. கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்து, "இவருக்கு வேற விரல் வெச்சுப் பாருங்க, இல்லன்னா நாளைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார். எதிரே நிற்பவரிடம் ஒரு வார்த்தை இல்லை. 2021இலிருந்து செல்போனில் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்க வழி இருக்கிறது. அதை அங்கே யாரும் சொல்லவில்லை, நான்தான் பிறகு தேடிக் கண்டுபிடித்தேன். ஒரு கையெழுத்தில் முடிந்த வேலைக்கு அந்தக் கிழவரை ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். விரல் தேய உழைத்தவருக்கு இதுவா மரியாதை?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை போனால் என் மகள்தான் முதலில் தகர டப்பாவைத் தேடுகிறாள். வயது ஒன்பது. தாத்தாவுக்குக் காது மந்தம், அதனால் மூடியின் ஓரத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு அவள் தட்டுவதைப் பிடிக்கிறார். ஆங்கில எழுத்தில் தன் பெயரை, MEENA என்று தட்டினாள். 'ஈ' என்ற எழுத்துக்கு ஒரு புள்ளி, 'ஐ'க்கு இரண்டு. தாத்தா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "ரெண்டு ஈக்கும் நடுவுல இடம் விடாம அடிச்சா ஐ ஆயிரும்டி. மீனாவ மினா ஆக்கிட்ட பாரு. மறுபடி அடி."