உப்பு ஏறாத அவித்த கடலை

காரைக்குடி சந்தையில் தோலோடு வாங்கிய வேர்க்கடலை மூன்று விசிலுக்குப் பிறகும் நறுக்கென்று இருக்கிறது, உப்பே ஏறவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது காய்ந்த கடலை. குலுக்கிப் பாருங்கள், உள்ளே பருப்பு கடகடவென்று ஆடினால் சந்தேகமே வேண்டாம். ஆலங்குடிப் பக்கமிருந்து வரும் பச்சைக் கடலைக்குத்தான் மூன்று நான்கு விசில் போதும்.

காய்ந்ததை மண் போகக் கழுவி, இரவு முழுக்க ஊறவைத்தே ஆகவேண்டும். மிதக்கும், அதனால் மேலே ஒரு தட்டை வைத்து அழுத்திவிடுங்கள். காலையில் புதுத் தண்ணீர், கிலோவுக்கு ஒரு கைப்பிடி தாராளமாகக் கல்லுப்பு, எட்டு விசில். ஒன்றை உரித்துக் கடித்துப் பார்த்து, போதாவிட்டால் இன்னும் இரண்டு.

அப்புறம் உடனே வடிக்காதீர்கள். அடுப்பை அணைத்த பிறகும் உப்பு ஏறிக்கொண்டே இருக்கும். ஆற ஆறத்தான் ஓட்டுக்குள் உப்புத்தண்ணீர் புகும். குறைந்தது ஒரு மணி நேரமாவது அதிலேயே கிடக்கட்டும், சுவையே வேறு.

பூஞ்சை பிடித்தது, பருப்பு கறுத்தது, கசப்பது எதையும் தின்ன வேண்டாம். பூஞ்சையால் உண்டாகும் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. குழந்தைகளுக்கு உரித்துப் பார்த்தே கொடுங்கள்.