அப்பா இறந்த பிறகு ஜெபமே வரவில்லை. விசுவாசத்தை எப்படிக் காத்துக்கொள்வது?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஜெபிக்க வாய் வரவில்லை என்பது ஒன்று. "விசுவாசி இப்படி அழக்கூடாது, சாட்சியா இருக்கணும்" என்று உங்கள் அத்தை சொல்வது இன்னொன்று. அத்தை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம்.

யோவான் 11-ஆம் அதிகாரத்தை எடுங்கள். லாசரு செத்து நாலு நாளாகிவிட்டது. அவனுடைய சகோதரி மார்த்தாள் இயேசுவை எதிர்கொண்டு வந்து, "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். பிறகு மரியாளும் வந்து அதையேதான் சொல்கிறாள். அந்த நாலு நாளும் அக்காவும் தங்கையும் வீட்டுக்குள் இதையே மாற்றி மாற்றிப் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். ஆள் அனுப்பிச் சொல்லியும் இரண்டு நாள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டு வந்தவரிடம் வேறு என்னதான் சொல்வார்கள்? இயேசு இருவரையும் கண்டிக்கவில்லை. மார்த்தாளோடு பேசினார். மரியாள் அழுவதைப் பார்த்ததும், "அவனை எங்கே வைத்தீர்கள்" என்று கேட்டார், கண்ணீர் விட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறார் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார். 35-ஆம் வசனத்தை அத்தையிடம் காட்டுங்கள். அவர் 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐத் திருப்பிக் காட்டினால், நம்பிக்கையற்றவர்களைப்போல துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதினார், துக்கமே கூடாது என்று எழுதவில்லை என்று சொல்லுங்கள்.

ஜெபம் விஷயம் அவ்வளவு லேசில்லை. என் அம்மா புற்றுநோயில் இறந்தார்கள். அந்த வருஷம் புத்தாண்டு ஆராதனையில் வருஷம் முழுவதற்குமான வசனமாக எங்களுக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 30:17. "நான் உனக்கு ஆரோக்கியம் வரப்பண்ணி, உன் காயங்களை ஆற்றுவேன்." அம்மா அதை பீரோ கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்திருந்தார்கள். கீமோவுக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒரு தடவை தொட்டுவிட்டுப் போவார்கள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர், "எங்கேயோ விசுவாசக் குறைச்சல் இருந்திருக்கு" என்றார். டீ குடித்துக்கொண்டே.

எரேமியாவின் அந்த அதிகாரம் சிறைப்பட்டுப் போன ஒரு ஜனத்துக்குச் சொல்லப்பட்டது, எங்கள் வீட்டு ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குச் சொல்லப்பட்டது இல்லை. இதை யார் வேண்டுமானாலும் விளக்கிவிடலாம். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விளக்கம் எந்த மூலைக்கு? எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நல்ல மனுஷர்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டுப்போனார்கள். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் மூண்டது அவர்கள்மேல்தான், அத்தனை கேள்வி கேட்ட யோபுவின்மேல் இல்லை.

சொந்த வார்த்தை வராத நாட்களில் நான் சங்கீதத்தைத்தான் சத்தமாக வாசித்தேன். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் ஆரம்பிக்கும். ஆனால் அது ஆறே வசனத்தில் பாட்டில் போய் முடிந்துவிடும், எனக்கு அத்தனை வேகம் இல்லை. 88-ஆம் சங்கீதம்தான் ஒத்துவந்தது. அதில் கடைசிவரை விடிவே கிடையாது, ஸ்தோத்திரமும் கிடையாது. அப்படி ஒரு ஜெபத்தையும் வேதத்துக்குள் விட்டுவைத்திருக்கிறார்களே என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். கோபம் இருந்தால் கர்த்தரிடமே காட்டுங்கள். பேச்சு வார்த்தை நின்றுபோகாமல் இருந்தால் போதும், பேச்சு மரியாதையாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

கோயிலுக்குப் போக முடிந்தால் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் "சரீர உயிர்த்தெழுதலும்" என்ற இடம் வரும்போது பல ஞாயிறுகள் என் தொண்டை அடைத்துக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சபை என்று ஒன்று இருப்பது இதற்கும்தான். சாட்சி சொல்ல மைக்கைக் கொடுத்தால், வேண்டாம் என்று தலையாட்டிவிடுங்கள். வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லையென்றால், செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால், சபை ஐயரைப் பார்ப்பதோடு டாக்டரையும் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை.

டிசம்பர் வருகிறது என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். துக்க வீட்டில் முதல் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை என்று பல குடும்பங்களில் வழக்கம் உண்டு. அதை விடவும் வேண்டாம், பிடித்துத் தொங்கவும் வேண்டாம். உங்களுக்கு மனசில்லையென்றால் கட்டாதீர்கள். அண்ணன் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டால் கட்டிக்கொடுங்கள், அத்தையிடம் நான் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.