வேலைநிறுத்தம்: நாள் கணக்கில் தவறினால் எல்லாம் தவறும்

தொழிலாளர் சட்டம்: வாசகர் கேள்வி பதில்

ஊதிய ஒப்பந்தம் முடிந்துவிட்டது, பேச்சுவார்த்தையும் நின்றுவிட்டது. எங்களுடையது சாதாரண உதிரிபாகத் தொழிற்சாலை. ரயில், மின்சாரம் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்குத்தானே வேலைநிறுத்த நோட்டீஸ் கட்டாயம்? (ஓசூர் வாசகர்)

1947 தொழில் தகராறுச் சட்டம் இருந்தவரை நீங்கள் சொல்வது சரி. 2025 நவம்பர் 21 அன்று தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2020 நடைமுறைக்கு வந்தது. இப்போது எந்தத் தொழில் நிறுவனமானாலும் நோட்டீஸ் இல்லாமல் வேலைநிறுத்தம் கூடாது.

நோட்டீஸ் கொடுத்து 14 நாள் முடியும்வரை தொடங்க முடியாது. 60 நாளைத் தாண்டினால் அந்த நோட்டீஸ் செல்லாது. ஜூன் 1 கொடுத்தால், ஜூன் 16 முதல் ஜூலை 31 வரைதான் உங்கள் கையில். நோட்டீஸில் நீங்களே ஒரு தேதி குறித்திருந்தால் அதற்கு முன்பும் தொடங்கக் கூடாது. விதிகளில் உள்ள படிவத்தில் எழுதி, நிர்வாகத்திடம் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இரு தரப்பையும் பேசவைக்க அரசு நியமிக்கும் சமரச அதிகாரிக்கும் ஒரு நகல் போகட்டும்.

பல சங்கங்கள் இந்த 14 நாளை மட்டும் எண்ணிக்கொண்டு இறங்கிவிடுகின்றன. அங்கேதான் சறுக்குகிறார்கள். நோட்டீஸ் வந்த 5 நாளுக்குள் நிர்வாகம் அரசுக்கும் சமரச அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். அதிகாரி முதல் கூட்டத்தை நடத்தும் நாளில் சமரச நடவடிக்கை தொடங்கிவிடும். அது முடியும்வரையும், முடிந்த பின் 7 நாளும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். ஜூன் 10 முதல் கூட்டம், ஜூன் 24 முடிவு என்றால், ஜூலை 2-க்கு முன் வாய்ப்பில்லை. வேலைநிறுத்த நோட்டீஸ் மீதான சமரசத்தை 14 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வாய்தா மேல் வாய்தா போட்டால், உடன்பாடு ஏற்படவில்லை என்று கூட்டக் குறிப்பில் பதிவு செய்யும்படி எழுத்தில் கேளுங்கள். இதற்கிடையே 60 நாள் கடந்துவிடும் போலிருந்தால் புது நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய தடை அடுத்தது. சமரசம் முறிந்த பின், எந்தத் தரப்பும் 90 நாளுக்குள், தொழில் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு நேராகப் போகலாம். அரசு வழக்கைப் பரிந்துரைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிர்வாகம் மனுப் போட்டுவிட்டால், வழக்கு முடியும்வரையும், அதன் பின் 60 நாளும் வேலைநிறுத்தம் தொடங்க முடியாது. தீர்ப்பாய வழக்குகள் எத்தனை காலம் இழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உரிமையைத் தடை செய்யாமலேயே தடுத்துவிடும் ஏற்பாடு இது என்பதே எங்கள் கருத்து. ஆனால் முறைப்படி ஏற்கெனவே தொடங்கிவிட்ட வேலைநிறுத்தம், பிறகு மனுப் போட்டார்கள் என்பதால் மட்டும் சட்டவிரோதம் ஆகாது. எனவே சமரசம் முடிந்த 8-வது நாளுக்குத் தயாராக இருப்பதா, காத்திருப்பதா என்பதைப் பொதுக்குழுவில் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

சமரசம் நடக்கும்போது நிர்வாகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. தகராறுக்கு உட்பட்ட விஷயத்தில் அது பணிநிலையை மாற்ற முடியாது. சமரச அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல், அந்தத் தகராறு தொடர்பாக யாரையும் வேலைநீக்கம் செய்யவும் முடியாது.

வேலைநிறுத்தம் என்று சொல்லாமல் எல்லோரும் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால்? (திருவள்ளூர்)

பலிக்காது. ஒரு நிறுவனத்தில் 50 சதவீதமோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான் என்று புதிய சட்டத்தின் வரையறை சொல்கிறது. நோட்டீஸ் இல்லாவிட்டால் சட்டவிரோதம்.

சட்டவிரோதம் என்று ஆகிவிட்டால் என்ன இழப்பு? (கோவை)

பழைய சட்டத்தில் தொழிலாளிக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய். இப்போது 1,000 முதல் 10,000 ரூபாய் வரை, அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தூண்டியவர்களுக்கு 10,000 முதல் 50,000 வரை அபராதம். சிறை அதே ஒரு மாதம். மேடையில் பேசும் சங்க நிர்வாகிகள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

சம்பளம் தனிக் கணக்கு. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து, தகுந்த காரணமும் முன்னறிவிப்பும் இல்லாமல் வராமல் இருந்தால், பணி ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கும்பட்சத்தில் 8 நாள் சம்பளம்வரை பிடிக்கலாம். ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தத்துக்கு எட்டு நாள் பிடித்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். வேலைநிறுத்த நாட்களுக்கும் சம்பளம் கேட்க வேண்டுமானால் அது சட்டப்படியானதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று 1994-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

சங்கத்தைப் பதிவு செய்யாமலே நடத்தினால் என்ன? (ஸ்ரீபெரும்புதூர்)

நடத்தலாம், சங்கம் அமைப்பது அரசியல் சாசனத்தின் 19(1)(சி) தரும் உரிமை. ஆனால் நஷ்ட ஈட்டு வழக்கிலிருந்து பாதுகாப்பு, பதிவு பெற்ற சங்கத்துக்குத்தான். 1920-ல் பின்னி நிறுவனம் தொடுத்த வழக்கில் தொழிற்சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீது சென்னை உயர் நீதிமன்றம் தடையாணை போட்டது. சங்கத் தலைவரை நஷ்ட ஈட்டு வழக்கால் முடக்கலாம் என்ற அந்த நிலைமைதான் 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி வகுத்தது. அந்தப் பாதுகாப்பு புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

பதிவுக்கு நிறுவனத் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அத்தனை உறுப்பினர் வேண்டும். 7 பேருக்குக் கீழே போகக் கூடாது. வெளியாட்கள் நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், இதில் குறைவானதைத் தாண்டக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருந்தால், வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு உள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் 51 இல்லாவிட்டால், 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்த குழு பேசும். அதனால் உறுப்பினர் பட்டியலும் சந்தா ரசீதும் மாதாமாதம் சரியாக இருக்கட்டும்.

அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யலாமா? (மதுரை)

நடத்தை விதிகள் தடுக்கின்றன. 2003 ஜூலையில் தமிழக அரசு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களையும் ஆசிரியர்களையும் வேலைநீக்கம் செய்தது. அதை எதிர்த்த வழக்கில் ஆகஸ்ட் 6 அன்று, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மிக உரிமையோ இல்லை என்றது உச்ச நீதிமன்றம். மிகக் கடுமையான தீர்ப்பு, ஆனால் இன்றும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அதே நீதிமன்றம் 1962-ல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில், அமைதியான ஆர்ப்பாட்டங்கள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் விதி செல்லாது என்றும் சொல்லியிருக்கிறது. பணி நேரத்துக்கு வெளியே ஆர்ப்பாட்டம் நடத்த நினைப்பவர்கள் விண்ணப்பத்தில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடலாம்.