ஆணிக் காட்டில் ஓட்டைக் காலணா தேடுவது எப்படி?

கேள்வி: திருமங்கலம் பக்கம் எங்கள் தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீடு இடிந்து, மனை சும்மா கிடக்கிறது. சின்ன வயதில் திண்ணை இடுக்கில் ஓட்டைக் காலணாக்களைப் போட்டுவைத்ததாக அப்பா சொல்வார். தேடிப் பார்க்கலாமே என்று இணையத்தில் 5,800 ரூபாய்க்கு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். காட்டிய இடமெல்லாம் கத்துகிறது. இரண்டு ஞாயிறு தோண்டியதில் ஆணி, சோடா மூடி, மாத்திரை அட்டை, இவைதான் மிச்சம். விற்றவரோ, ‘மெஷின் நல்லாத்தானே இருக்கு, திருப்பி எடுக்க முடியாது’ என்கிறார். விலை கூடுதலாக, பெரிதாக வாங்கினால் சரியாகுமா?
— திருமங்கலம் வாசகர்

பதில்: விற்றவர் சொல்வதில் பாதி உண்மை. உங்கள் மனையில் உலோகம் கிடக்கிறது, மெஷின் கத்துகிறது. ஓட்டு வீடு என்றால் ஒவ்வொரு ரீப்பர் கட்டைக்கும் ஆணி அடித்திருப்பார்கள். மரம் மக்கியோ அடுப்புக்கோ போயிருக்கும், ஆணி மட்டும் அங்கேயே கிடக்கும். அதன் மேல் பத்துப் பதினைந்து வருடக் குப்பை வேறு.

பெரிதாக வாங்க வேண்டாம். மெஷினின் நுனியில், மண்ணுக்கு மேல் வீசும் வட்டத் தட்டுதான் ‘காயில்’ (coil). பெரிய காயில் அதிக ஆழம் போகும் என்பது சரிதான். ஆனால் பதினொரு அங்குல வட்டத்துக்கு அடியில் உங்கள் மனையில் ஒரே நேரத்தில் நாலு ஆணி, ஒரு மூடி, ஒரு காசு எல்லாம் வந்துவிடும். மெஷினுக்கு அத்தனையும் சேர்ந்து ஒரே சத்தம்தான். ஐந்து, ஆறு அங்குலக் காயில் என்றால் ஒன்றிரண்டு பொருள்தான் அடியில் வரும். ஆழம் கொஞ்சம் குறையும், குறையட்டும். திண்ணைக் காசு ஒன்றும் பாதாளத்தில் கிடக்காது. சாதாரண மெஷின்களுக்கு ஒரு காசு அகப்படும் ஆழமே சுமார் ஒரு சாண்தான்.

அடுத்தது, இரும்பை ஒதுக்கும் வசதி. பெட்டியிலோ கைப்பிடியிலோ ‘டிஸ்க்’ என்று ஒரு திருகு இருக்கிறதா பாருங்கள். காயில் அனுப்பும் காந்தப்புலம் உலோகத்தில் பட்டுத் திரும்பும்போது, இரும்பிலிருந்து வரும் பதிலும் செம்பு, வெள்ளியிலிருந்து வரும் பதிலும் வேறுபடும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மெஷின் பிரிக்கிறது. திருகே இல்லையென்றால் அது எல்லாவற்றுக்கும் கத்தும் ரகம். இருந்தால், பலரும் செய்கிற தப்பு அதைக் கடைசிவரை திருகிவிடுவது. அப்போது ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசும் ஆணியோடு சேர்ந்து அமுங்கிவிடும். மெஷின் அமைதியாகிவிட்டதே என்று நாமும் சந்தோஷமாக அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவோம். திருகைப் பாதிக்குக் கீழே வையுங்கள், சென்சிட்டிவிட்டியையும் குறையுங்கள், மெதுவாக வீசுங்கள். ஒரு இடத்தைக் கிழக்கு மேற்காக ஒருமுறை, தெற்கு வடக்காக ஒருமுறை பாருங்கள். ஆணியின் சத்தம் திசை மாறினால் பெரும்பாலும் உடையும். வட்டமான காசு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒலிக்கும்.

மெஷினைத் தொடுவதற்கு முன் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி மனை முழுக்க இழுத்துவிடுங்கள். மேலோட்டமான ஆணிகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். காலணா ஒட்டாது, 1943 முதல் 1947 வரை வந்த அந்த ஓட்டைக் காசு வெண்கலம். (பிற்காலத்து எவர்சில்வர் ஐம்பது பைசா ஒட்டும், மெஷினும் அதைப் பெரும்பாலும் இரும்பென்றே சொல்லும். அது போனால் போகிறது.) அலுமினியத்துக்கு மட்டும் குறுக்கு வழி கிடையாது. மாத்திரை அட்டையும் மெல்லிய சின்னக் காசும் மெஷினுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தெரியும். சந்தேகம் வந்தால் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

இப்போது பணம். விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் கேள்வி. ‘உலோகத்தைக் கண்டுபிடிக்கும்’ என்று மட்டும் இருந்தால் உங்கள் பக்கம் பலம் குறைவு. ‘இரும்பை ஒதுக்கும்’, ‘இரண்டு மீட்டர் ஆழத்தில் காசைக் காட்டும்’ என்றெல்லாம் இருந்தால் அந்தப் பக்கத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள். குப்பையில்லாத மண்ணில் ஒரு காலணாவைப் புதைத்து, நாலு விரல் தள்ளி ஓர் ஆணியை வைத்து, மெஷினை வீசி வீடியோ எடுங்கள். கான்கிரீட் தரையில் செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் கம்பி கெடுத்துவிடும். வீடியோவோடு விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

காசு கிடைத்தால் ஒரு வேண்டுகோள்: புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பள்ளி நாட்களில் பழைய செப்புக் காசு ஒன்றை நான் அப்படித்தான் பளபளவென்று ஆக்கினேன். எழுத்தும் சேர்ந்து போனது. சேகரிப்பவர்கள் அந்தப் பச்சைக் களிம்பேறிய மேல்தோலைத்தான் விரும்புவார்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் புதையல் இருப்பதாக ஒருவர் சொல்கிறார். ஆன்டெனா போல இரண்டு கம்பி உள்ள கருவி வைத்திருக்கிறார். நூறு மீட்டர் தள்ளி நின்றாலும் தங்கத்தை மட்டும் காட்டுமாம். வாடகைக்கு 50,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். நம்பலாமா?
— உசிலம்பட்டி வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு என்று நம் பக்கத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் காசை விட்டிருக்கிறார்கள். இது அதன் தங்கச்சி. கையின் லேசான சாய்வுக்கே அந்தக் கம்பி திரும்பும், தங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதே மாதிரிக் கம்பிக் கருவியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் என்று சொல்லி ஈராக்குக்கே விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவருக்கு 2013இல் லண்டனில் 10 வருடச் சிறை விதித்தார்கள்.

மறுத்துச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு சோதனை வையுங்கள். ஒரே மாதிரி மூன்று பானைகளைக் கவிழ்த்து, அவர் பார்க்காமல் ஒன்றின் கீழ் உங்கள் மோதிரத்தை வையுங்கள். எந்தப் பானை என்று தெரிந்த ஆள் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. பத்து முறை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்று, நாலு முறை சரியாக வரும். ஒன்பது வந்தால் எனக்கு எழுதுங்கள். பெரும்பாலும் ‘இன்றைக்கு நாள் சரியில்லை’ என்று கிளம்பிவிடுவார்.

கேள்வி: திருப்புவனம் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. கீழடி கூப்பிடு தூரம். சொந்த நிலம்தானே, மெட்டல் டிடெக்டர் வைத்துப் பழைய காசு தேடலாமா? வைகை மணலில்?
— திருப்புவனம் வாசகர்

பதில்: வைகை உங்கள் நிலமில்லை, அது முடிந்தது. தோப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

மண்ணில் புதைந்து கிடைக்கும் எதுவும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில்தான் இருக்கிறது. சொந்த நிலம் என்பதற்கு விலக்கு இல்லை. மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்ய முடியாது, வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. ஆக, கிடைத்ததை விற்று மெஷின் விலையை எடுத்துவிடலாம் என்ற கணக்கு இருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள்.

இன்னொன்று, கீழடியில் அகழாய்வு நடந்ததே உங்களுடையதைப் போன்ற தென்னந்தோப்புகளில்தான். அங்கே பொ.ஆ.மு. (அதாவது கி.மு.) 580 என்று காலம் கணிக்கப்பட்ட கரித்துண்டு 353 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தது. அந்த ஆழத்தை வைத்துத்தான் பக்கத்தில் கிடந்த பானை ஓட்டின் வயதையும் பேச முடிகிறது. ஒரு சாண் ஆழத்துக்குப் பீப் பீப் என்று கத்தும் மெஷினோடு குழி தோண்டி எடுத்த காசுக்கு அந்த விவரம் எதுவும் இருக்காது. தென்னங்கன்று வைக்கத் தோண்டும்போது காசோ பானை ஓடோ தட்டுப்பட்டால் அப்படியே நிறுத்தி, போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். கன்றை நாலடி தள்ளி வைத்துக்கொள்ளலாம்.