கொடுமணல் ஈமக்காட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

கொடுமணலில் பழங்காலப் புதைகுழிகள் இருக்கின்றனவாமே, அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் போங்கள். ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது ஊர். கோயில் கோபுரம்போலத் தூரத்திலேயே தெரியாது. முதலில் கல்வட்டங்களைத் தேடுங்கள். காட்டில் சும்மா கிடப்பவைபோலத் தோன்றும் உருண்டைக் கற்கள், கொஞ்சம் தள்ளி நின்றால் வட்டமாகக் கூடிவிடும்.

வட்டத்தின் நடுவே பலகைக் கற்களால் ஆன கல்லறை. அதன் அமைப்பைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பலகையும் பக்கத்துப் பலகையைத் தாண்டி நீண்டு, அது உள்ளே சரியாமல் தாங்கிப் பிடிக்கிறது. சுண்ணாம்பு இல்லை, காரை இல்லை, எடையும் கோணமும்தான். ஒரு பலகையில் இடுதுளை என்று சொல்லும் வட்டமான ஓட்டையைக் குடைந்திருப்பார்கள். என்ன கைவேலை!

இங்கே ஒரே கல்லறையில் மட்டும் சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லில் செய்த 2,220 மணிகள் கிடைத்தன. வாழ்விடப் பகுதியில் இரும்பு உருக்கிய உலை, மணி செய்த பட்டறைத் தடயங்கள், பழந்தமிழ் எழுத்தான தமிழியில் ஆள்பெயர் கீறிய பானை ஓடுகள். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

அப்புறம், தோட்டம் வழியாகப் போக வேண்டியிருந்தால் தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கற்கள் மேல் ஏறாதீர்கள். ஓடு கிடந்தால் படம் எடுங்கள், கையில் எடுத்து வராதீர்கள். மழை முடிந்ததும் புல் மூடிவிடும். மாசி, பங்குனியில் காலை நேரம் நல்லது.